பச்சை குத்திய துரைமார்

லண்டனில் குடியுரிமை வாங்கிவிட்ட எங்கள் குத்தாலத்துப் பையன் ஒருவன், லீவுக்கு வந்தபோது பாஸ்போர்ட்டைக் காட்டினான். அட்டையைத் திறந்ததும் ஒரு வேண்டுகோள். மன்னரின் அமைச்சர் கேட்டுக்கொள்கிறாராம், இவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள் என்று. அங்கே மன்னருக்குப் போட்டிருக்கும் அடைமொழி ‘பிரிட்டிஷ்’ இல்லை, ‘பிரிட்டானிக்’. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ‘திருவளர்செல்வன்’ ஆகிவிடுகிறோமே, அந்த மாதிரி.

பட்டுச் சட்டை போட்ட இந்தச் சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிதியாஸ் என்ற கிரேக்க மாலுமி பிரிட்டன் தீவுப் பக்கம் போய் வந்தார். அவர் வழியாக ‘பிரெத்தானிக்கே’ என்ற பெயர் கிரேக்கத்துக்கு வந்தது. ரோமானியர் ‘பிரித்தானியா’ ஆக்கினார்கள். உடம்பில் சாயம் பூசியவர்கள் அல்லது பச்சை குத்தியவர்கள் என்பதே மூலப்பொருள் என்கிறார்கள் மொழியறிஞர்கள் பலர். அந்த மக்கள் நீலச்சாயம் பூசிக்கொள்வார்கள் என்று ஜூலியஸ் சீசரும் எழுதியிருக்கிறார். முன்னங்கையில் தேள் குத்திக்கொண்ட எங்கள் கடைத்தெருப் பாட்டிகளுக்கு இது தெரிந்தால் சிரிப்பார்கள்.

எங்கள் காவிரி டெல்டாவில் யார் வாயிலும் இந்தப் ‘பிரித்தானியா’ நுழையவில்லை. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர், நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், 1739 முதல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர். யார் எந்தத் தேசம் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் நாற்று நடுவது எப்போது? எல்லாரும் பறங்கிதான். ‘பிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப்பெயர், அரபு, பாரசீகம் வழியாக இப்படி வந்து சேர்ந்தது. ஆள் போய்விட்டான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காயின்மேல் பெயர் நிற்கிறது. பொங்கலன்று பறங்கிக்காய் போடாமல் எங்கள் பக்கம் குழம்பு ஏது?

1799-ல் மன்னர் சரபோஜி தஞ்சை நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்ததும், அவர்களுக்குப் பெயர் கும்பினிதான். பிறகு துரை, வெள்ளைக்காரன். மரியாதையாக எழுத வேண்டுமென்றால் ஆங்கிலேயர்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்கு வழக்கு. அணைக்கரையில் கீழணை கட்டிய ஆர்தர் காட்டன் ஆங்கிலேயர், சரி. ரயத்துவாரி முறையைப் பரப்பிய கவர்னர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். அவரையும் ஆங்கிலேயர் என்றே எழுதுகிறோம். ஸ்காட்லாந்துக்காரர் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார். ஈழத் தமிழர்கள் வானொலியிலும் பத்திரிகையிலும் பிரித்தானியா, பிரித்தானியர் என்று வெகு காலமாகச் சரியாகவே சொல்லி வருகிறார்கள். நம் பாடநூல் எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பிலாவது அவர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.