வாசலில் வேப்பிலை

2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டது என்ற செய்தி பரவியபோது, எங்கள் துறை அறையில் இரண்டு நாட்கள் வேறு பேச்சே இல்லை. கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம்தான் என்றாலும் குமரிக்காரர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணையத்தோடு தொடர்பற்றவை, ஆகவே தாக்குதல் சாத்தியமே இல்லை என்று 29ஆம் தேதி நிலையத்தின் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. இணையத் தொடர்புள்ள, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில்தான் அது இருந்தது. உலையின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் தந்திருந்தது. இரண்டு அறிக்கைகளுக்கும் சொல்லளவில் முரண் இல்லை என்று வாதிடக்கூட இடமுண்டு. நண்பர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அதே காரியத்தைச் சிறிய அளவில் செய்தவன் நான். என் தரப்பில் மறுநாள் அறிக்கை வரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

2009இல் நான் ஆய்வு மாணவன். வில்லுப்பாட்டுக் கதைகளைத் தேடி அகஸ்தீசுவரம், தோவாளை வட்டங்களில் கொடை நடக்கும் கோயில்களெல்லாம் அலைந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் நாகர்கோவில் இணைய மையம் ஒன்றில் அச்செடுக்கப் பென் டிரைவைச் செருகினேன். மறுநாள் பார்த்தால் என் கோப்புறைகளின் இடத்தில் அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு வேறு ஏதோ. வகை என்று காட்டும் இடத்தில் மட்டும் 'அப்ளிகேஷன்' என்று இருந்தது. அந்நாளைய விண்டோஸ் எக்ஸ்பியில் இது வீட்டுக்கு வீடு கண்ட நோய். செருகிய பென் டிரைவைத் திறக்க இரண்டு முறை தட்டினாலே ஆட்டோரன் வழியாகத் தீநிரல் ஓடத் தொடங்கிவிடும். மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவைப் பெரும்பாலும் அடைத்தது 2011 பிப்ரவரியில்.

எனக்குத் தெரிந்ததும் நான் செய்தது, தெரியாதவன்போல் இருந்ததுதான். காரணம் வெட்கம். 'வைரஸ் வந்துட்டா? எந்த சைட்டுக்குப் போனீரு வே?' என்று ஒரு மூத்த நண்பரைத் துறையே கேலி செய்ததைப் பார்த்திருந்தேன். கணினிக்கு நோய் வந்தால் அது ஆளின் ஒழுக்கத்தைப் பற்றிய சான்றிதழாகிவிடும் காலம். கண்ணில் பட்ட இரண்டு கோப்புகளை அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். என் களஆய்வுப் படங்களை அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு புலவர் வீட்டு ஏட்டைக் கடன் வாங்கி, தோட்டுக்காரி அம்மன் கதையின் ஒரு வடிவத்தை நான்கு மாதங்களாக ஒற்றை விரலால் நேரடியாகத் தட்டச்சு செய்துவந்தவர் அவர். ஏட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 'எல்லாம் இதுக்குள்ள இருக்கு மக்கா' என்று கணினியைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கணினியில்தான் என் பென் டிரைவைச் செருகினேன். சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவருடைய கோப்புறைகள் காணாமல் போயின. அவருக்கு டிடிபி வேலை செய்து தந்துவந்த கடைப் பையன் வந்து பார்த்து, எல்லாம் போச்சு என்று முடிவுகட்டி, வட்டு முழுவதையும் ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தான். உண்மையில் எதுவும் போயிருக்கவில்லை. அவ்வகைத் தீநிரல் கோப்புறைகளை அழிப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்யும். கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்ற ஒரே கட்டளையில் திரும்ப வந்திருக்கும். இதைச் சில ஆண்டுகள் கழித்து என் மாணவன் ஒருவன் சொல்லித்தான் அறிந்தேன். தீநிரல் ஒளித்து வைத்ததை நாங்கள் அழித்துவிட்டோம். இன்ன நோய் என்று நான் அன்றே சொல்லியிருந்தால், யாரையாவது விசாரித்துக்கொண்டு அந்தப் பையன் ஒருநாள் பொறுத்திருப்பான். மீண்டும் ஏட்டைத் தேடிப் போனபோது அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுக் கேரளம் போயிருந்தது.

தனியாள் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் எழுதப்பட்டது. அதை எழுதிய சகோதரர்கள் இருவரும் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் வரை நிரலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். நோயை உண்டாக்கியவர்களுக்கு இல்லாத கூச்சம் வாங்கிக்கொண்டவர்களுக்கு எப்படி வந்தது? இந்திய நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் 'கணினியில் வைரஸ் புகக் காரணமானவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சுவரில் ஒட்டுகிற அலுவலகத்தில் யார் முதலில் வாய் திறப்பார்? அந்தச் சுவரொட்டி ஒரு வைரஸையும் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. பலரை வாயடைக்க வைத்திருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஊர் முத்தாரம்மன் இருக்கிறாள். முத்து என்பது அம்மை முத்துதான் என்பார்கள். அம்மை கண்ட வீட்டில் முதல் வேலை, வாசலில் வேப்பிலை செருகுவது. அது வழிபாடு மட்டுமல்ல, தெருவுக்கான அறிவிப்பும்கூட. பார்த்தவர்கள் படியேறாமல் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்காரர் என்ன தப்பு செய்தார் என்று கேட்டு யாரும் சிரித்ததில்லை. என் பென் டிரைவில் செருக ஒரு கொத்து வேப்பிலை அன்று எனக்கு இல்லாமல் போயிற்று.

ஆசிரியர் 2014இல் காலமானார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார். 'அந்தக் கடைக்காரப் பையன்தான் வைரஸைக் கொண்டாந்து விட்டான்னு அப்பா கடைசிவரை சொல்லிட்டே இருந்தாரு. அப்புறம் அவனை வீட்டுல ஏத்தவே இல்ல.'

நான் இலையைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்றேன். அந்தப் பையனின் கடை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது.