பெறுபேறு வரும்வரை காத்திருக்கலாமா?

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகுதான் பல்கலைக்கழகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற எண்ணம் எமது தோட்டங்களில் வேரூன்றியிருக்கிறது. விண்ணப்பம் அப்போதுதான் கோரப்படும் என்பது உண்மை. ஆனால் அந்த விண்ணப்பத்தில் எமது பிள்ளை எந்தப் படிப்பைக் கேட்க முடியும் என்பது, அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னரே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

சாதாரண தரத்துக்கு 9 பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்கள் எல்லோருக்கும் பொது. மற்ற 3 பாடங்களையும் பிள்ளை 10ஆம் தரத்துக்குப் போகும்போது தெரிவு செய்கிறது. பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதையே எடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் எம்மிடையே ஏராளம். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பின்தங்கினால் உயர்தரத்தில் பல துறைகளின் கதவு மூடிக்கொள்ளும். சில பட்டப்படிப்புகளுக்குச் சாதாரண தர ஆங்கிலப் பெறுபேற்றையும் பார்க்கிறார்கள். ஆகவே பிள்ளை 9ஆம் தரத்தில் இருக்கும்போதே பெற்றோர் பாடசாலைக்குப் போய் ஆசிரியரிடம் பேச வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியன அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். ஆனால் இந்தச் சலுகை லயத்தைத் தேடி வராது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உள்ள மாவட்ட இடங்கள், அந்தந்தத் துறையில் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகளுக்கே போகும். உயிரியலும் இணைந்த கணிதமும் சொல்லித்தரும் பாடசாலை எமது பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், எமது மாவட்டத்தின் பெயரால் வரும் இடத்துக்குப் போட்டியிடக்கூட எமது பிள்ளை வரிசையில் நிற்காது.

அடுத்தது பத்திரங்கள். தகப்பனின் பெயர் அவரது அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். முதலெழுத்து மாறியிருக்கும், தமிழ்ப் பெயர் சிங்களத்தில் பிழையாக எழுதப்பட்டிருக்கும். அவசரம் வரும்போது இதைத் திருத்த முடியாது. 15 வயது பூர்த்தியானதும் அதிபர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலுக்குக் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டிவரும். சம்பளத் துண்டுகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வையுங்கள்.

இதற்கெல்லாம் அலைவது யார்? கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள், பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள், பதிவாளரிடம் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் போகிறது. பஸ் காசு வேறு. அதனால்தான் பெற்றோர் தள்ளிப்போடுகிறார்கள். அக்கறை இல்லாமல் அல்ல.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதன் பிறகும் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. அந்த இழப்பைச் சுமந்துகொண்டு ஓடும் பிள்ளைகளிடம், மற்றவர்களைப் போல ஓடு என்று மட்டும் சொல்வது நியாயமல்ல.

எனவே எமது கோரிக்கைகள் மூன்று. மலையகத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழி மூலம் விஞ்ஞான, கணிதத் துறைகளைக் கற்பிக்கும் பாடசாலைகள், தோட்டப் பிள்ளைகள் போய்வரக்கூடிய தூரத்தில் போதிய ஆசிரியர்களுடனும் ஆய்வுகூடங்களுடனும் இருக்க வேண்டும். பிள்ளையின் பத்திர அலுவலுக்குப் போகும் தொழிலாளியின் பேரை நிர்வாகம் வெட்டக்கூடாது. பிரதேச செயலகங்கள் வருடத்தில் ஒரு தடவையாவது தோட்டத்துக்கே வந்து நடமாடும் சேவை நடத்த வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது தொழிற்சங்கத்தின் வழக்கமல்ல. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் 9ஆம் தரம் முதல் படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். யாருடைய பத்திரத்தில் குறை, யாருக்குக் கணிதத்தில் உதவி தேவை என்பதை மாதர் தலைவிகளும் இளைஞர்களும் வீடுவீடாகக் கேட்டு எழுத வேண்டும். எமது தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கும், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் போன பிள்ளைகள் விடுமுறையில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துத் தம்பி தங்கைகளோடு பேசச் சொல்லுங்கள். பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நாம் எத்தனை மாதங்களுக்கு முன்பிருந்து தயாராகிறோம்! பிள்ளையின் எதிர்காலம் அதைவிடச் சிறிய விடயமல்ல. இந்த வருடம் 9ஆம் தரத்தில் இருக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால் நாளைக்கே தலைவரிடம் சொல்லுங்கள்.