திண்ணைப் பேச்சு: அந்த ‘ஆம்’ எங்கே போச்சு?

ஆண்கள் நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அமெரிக்கா முதல் அவிநாசி வரைக்கும் அலசினால் அதற்குப் பெயர் நாட்டு நடப்பு. பெண்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து அதையே பேசினால் அதற்குப் பெயர் வம்பு! இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்களோ! எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால், “உங்க பேச்சுல பாதி ‘வந்தானாம், போனானாம்’தானே?” என்கிறார். சகோதரிகளே, இந்தத் தடவை அந்த ‘ஆம்’ பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் பெரிசு.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி, அப்புறம் துணி துவைப்பு, அது முடிந்து பொழுது சாயும் நேரத்தில் எங்கள் திண்ணை. கோஷ்டியை உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். எதிர்வீட்டு அக்கா, வீட்டுக்குப் பின்னால் ஆறு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர். மளிகைக்கடை பாயம்மா. ரிட்டயர்டு டீச்சர். அப்புறம் நம்ம செக்கிங் அம்மிணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமான புதிதில் வந்தவள், இருபது வருஷத்தில் எங்களைவிட அதிகமாக ‘ங்க’ போடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சுக்குக் காப்பி வைத்துக்கொண்டு வருவதற்குள், செக்கிங் அம்மிணி செல்போனும் கையுமாக ஓடி வந்தாள்.

“அக்கா, சேதி தெரியுமுங்களா? போர்வை விக்கிற மாதிரி வந்து பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போறாங்களாமா! வடக்கத்தி ஆளுங்களாமா! கேளுங்க” என்று ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு ஆம்பளை பதற்றமாகப் பேசுகிறார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. என்றைக்கு என்றும் சொல்லவில்லை. “தாய்மார்களே உஷார், எல்லாருக்கும் அனுப்புங்க” என்பது மட்டும் மூன்று தடவை.

எதிர்வீட்டு அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. அவர் லைன் வீட்டில் இரண்டு வீடு பீகார் பையன்கள், ஒரு வீடு ஒடிசாக்காரப் புருஷன் பெண்டாட்டி. “ஏனுங்க டீச்சர், இவிங்களை வெச்சுக்கறதே வம்பாட்ட இருக்குதுங்களே. நாளைக்கே காலி பண்ணச் சொல்லிப் போடட்டுமா?” என்றார்.

டீச்சர் அவசரப்படவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே, “இதைப் பார்த்தது யாரு அம்மிணி?” என்று கேட்டார்.

“எங்க சூப்பர்வைசர் அக்கா அனுப்புச்சுங்க.”

“அவங்க பார்த்தாங்களா?”

“இல்லீங்க, பல்லடத்துல அவங்க நாத்தனா அனுப்புனதாம்.”

அங்கேயே போன் போட்டோம். நாத்தனாருக்கு மகளின் ஸ்கூல் வேன் குரூப்பில் வந்ததாம். வேன் குரூப்பில் போட்டவருக்குத் தாராபுரத்தில் யாரோ அனுப்பியதாம். தாராபுரத்தோடு தடம் நின்றுபோயிற்று. பார்த்தவர் ஒருத்தரும் இல்லை!

அப்போது டீச்சர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. “தமிழ்ல இந்த ‘ஆம்’ எதுக்கு இருக்குது? ‘தூக்கினானாம்’னா, நான் பார்க்கலை, கேட்டதைச் சொல்றேன்னு அர்த்தம். நம்ம பாட்டிமார் பேச்சுக்குப் போட்ட பிரேக்கு அது. ஆனா மூணு வாய் தாண்டினதும் ‘தூக்கினானாம்’ங்கிறது ‘தூக்கினான்’னு ஆயிருது. அஞ்சாவது வாய்ல ‘எங்க வீதியிலதான் தூக்கினான்’னு வந்துருது. நடுவுல அந்த ‘ஆம்’ எங்கே போச்சு?”

“அது சரிங்க, எல்லாம் ஒரு எச்சரிக்கைக்குத்தானே” என்று அம்மிணி இழுத்தாள்.

பாயம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எச்சரிக்கையா? 2020-ல கோழிக்கறி தின்னா கொரோனா வரும்னு கிளப்பி விட்டீங்களே, ஞாபகம் இருக்கா? பல்லடத்துப் பண்ணைக்காரங்க அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது. எங்க கடைக்குப் பக்கத்துக் கறிக்கடைக்காரர் கோழியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.” வாஸ்தவம்தான். கோழியால் கொரோனா பரவவில்லை என்று அரசாங்கமும் டாக்டர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதற்குள் விலை தரைமட்டமாகிவிட்டது.

எதிர்வீட்டு அக்கா மெல்லச் சிரித்தார். “பிள்ளையார் பால் குடிச்சாரே, அதுவும் அப்படித்தானுங்களே? நானே வரிசையில நின்னு கரண்டியில ஊட்டினேனுங்க!” 1995 செப்டம்பர் 21. செல்போன் கைக்கு வராத காலம். வீட்டுப் போனிலேயே சேதி டில்லியிலிருந்து லண்டன் வரைக்கும் போயிற்று. கரண்டியைச் சிலையின் வாயோடு சாய்த்துப் பிடித்தால் பால் கல்லில் ஒட்டிக்கொண்டு மெல்லிசாக வழிந்து இறங்கும், பார்க்கிறவர்களுக்குக் குடிப்பது மாதிரி இருக்கும் என்று விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலை வைத்துக் காட்டினார்கள். “போகட்டும், அதுல பால்தானே நட்டம்” என்றார் டீச்சர்.

பத்து ரூபாய் நாணயத்தையும் விடவில்லை. செல்லாது என்று யாரோ சொல்ல, கடையில் வாங்க மறுக்க, பஸ்ஸில் சண்டை வர, ஊரெங்கும் டப்பா டப்பாவாக நாணயம் தேங்கிக் கிடந்தது. 14 விதமான வடிவத்தில் வந்த பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. “இன்னும் சில பேரு என் கடையில அதை நீட்டுனா முகத்தைச் சுளிக்கறாங்க” என்றார் பாயம்மா.

உடம்பு சம்பந்தப்பட்டதில் வதந்தி இன்னும் பொல்லாதது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ம் தேதி, ஜனங்களுக்குப் பயம் தெளியட்டும் என்றுதான், சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் காலமானார். “ஊசி போட்டதாலயாம்” என்று ஒரே பேச்சு. பாயம்மாவின் மாமியார் அந்த வாரமே, “எனக்கு வேண்டாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று அதே வருஷம் அக்டோபரில் சொன்னது. ஊசி போடாமல் தள்ளிப்போட்ட நாளெல்லாம் இரண்டாம் அலை வீசிய நாட்கள் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இதுவரை சிரித்தும் முணுமுணுத்தும் பேசிக்கொண்டிருந்தோம். டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். “அம்மிணி, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு இதே மாதிரி ஒரு சேதி 2018-ல வந்துச்சு. போளூர்ப் பக்கம் அத்திமூர் ஞாபகமிருக்கா?”

எனக்குப் பேப்பரில் படித்தது பளிச்சென்று நினைவு வந்தது. 2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போகிறது. வழியில் குழந்தைகளைப் பார்த்து, கூட வந்த வயதான அம்மா ஆசையாகச் சாக்லெட் கொடுக்கிறார். அதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் ‘பிள்ளை பிடிக்கிற கும்பல்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்தே போனார். மற்றவர்களுக்குப் பலத்த காயம். அடித்தவர்கள் நம்மைப் போலக் குடும்பஸ்தர்கள்தான், பலர் கைதானார்கள். அந்த வருஷம் நாட்டில் இன்னும் பல ஊர்களில் இப்படி நடந்துதான், ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது.

திண்ணையில் சத்தமே இல்லை. நாமும் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள்தானே. வழியில் ஒரு குழந்தை சிரித்தால் பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டாத பெண் யார் இருக்கிறாள்?

அம்மிணி மெதுவாக, “அவங்க வேற, இந்த வடக்கத்தி ஆளுங்க வேற இல்லீங்களா?” என்றாள்.

அதற்கு எங்கள் ஊரே பதில் வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் ஒரு வீடியோ சுற்றியது. வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூரில் தமிழர்களைத் துரத்தித் துரத்தி அடிக்கிறார்கள் என்று. டீக்கடை முன்னால் நடந்த வாய்த்தகராறு பெரிசானது அது. போலீஸ் விசாரித்து ஆட்களைக் கைது செய்து முடித்தது. மார்ச் பிறந்ததும் கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று அங்கே வீடியோ பரவியது. அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, பரவிய இரண்டு வீடியோக்களும் வேறு என்று விளக்கினார்: ஒன்று திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்புக்குள் நடந்த சண்டை. அதே நாட்களில் திருப்பூரில் தண்டவாளத்தில் ஒரு பீகார் தொழிலாளி இறந்து கிடந்தார். கொலைதான் என்று கூட்டம் கூடிவிட்டது. ரயிலில் அடிபட்டதுதான் என்று கேமரா பதிவைக் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

பீகார் அரசு நாலு அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் பேசிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இந்தி தெரிந்த ஆட்களை வைத்துப் போலீஸ் உதவி எண் கொடுத்தது. ஆனால் ஊரிலிருந்து அம்மா போனில் அழுதால் எந்தப் பிள்ளைக்கு வேலை ஓடும்? ஹோலி வேறு மார்ச் 8-ம் தேதி. மூட்டை முடிச்சோடு ரயில்வே ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அந்த மாசம் உனக்கு என்ன ஆச்சு அம்மிணி?” என்றார் டீச்சர்.

“பேட்லாக் மிஷின்ல ஆளில்லீங்க. பீஸ் தைச்சு வந்தாத்தானே நாங்க செக்கிங் பார்க்கிறது? ஒன்றரை ஷிப்டு பார்த்த இடத்துல அரை ஷிப்டு. ரெண்டு சனிக்கிழமை சம்பளம் வாடகைக்கே பத்தலீங்க” என்றவள், சற்றுப் பொறுத்து, “என் வீட்டுக்காரரும் நானும் வந்தப்பவும் ‘தெக்கத்தி ஆளுங்களுக்கு வீடில்லை’ன்னு மூணு வீதியில திருப்பி விட்டாங்க” என்றாள். எதிர்வீட்டு அக்கா குனிந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

இது நம் ஊரோடு போகிற சமாசாரமில்லை. 2012 ஆகஸ்டில் பெங்களூரில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் குவாஹாட்டிக்கு ரயிலேறினார்கள். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதையே மத்திய அரசு 15 நாள் தடை செய்ய வேண்டி வந்தது.

செக்கிங் அம்மிணி பெரிய மனசுக்காரி. அந்தக் குரல் பதிவை ஏற்கெனவே கம்பெனிப் பெண்கள் குரூப்பில் போட்டிருந்தாள். அங்கேயே உட்கார்ந்து, “நான் அனுப்பினது உண்மையில்லை, விசாரிச்சுட்டேன், யாருக்கும் அனுப்ப வேண்டாம்” என்று தட்டினாள். இரண்டு பேர், “எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே” என்று பதில் போட்டார்கள். ஜாக்கிரதை வேறு, பீதி வேறு சகோதரிகளே! ஜாக்கிரதை என்றால் நம் குழந்தை மேல் கண் வைப்பது. யாரோடு விளையாடுகிறது, வேனிலிருந்து இறங்கியதா, பக்கத்து வீட்டுப் போன் நம்பர் அதற்கு மனப்பாடமா என்று பார்ப்பது. பீதி என்றால் அடுத்தவன் மேல் கண் வைப்பது. நிஜமாகவே ஒரு குழந்தை விஷயத்தில் சந்தேகம் தட்டினால் 1098-க்கோ 100-க்கோ போன் செய்யுங்கள். வீதியில் கூட்டம் கூட்டாதீர்கள்.

பேசாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. பேச்சில்லாவிட்டால் திண்ணை எதற்கு? செய்தி வந்தால், எந்த ஊர், என்றைக்கு, பார்த்தது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த ‘ஆம்’மைத் தொலைக்காமல் சொல்லுங்கள். தப்பாகப் போய்விட்டால், எந்தக் குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில் மறுப்பையும் போடுங்கள்.

எதிர்வீட்டு அக்கா யாரையும் காலி பண்ணச் சொல்லவில்லை. புதன்கிழமை போர்வைக்காரர் வண்டியோடு வந்தார். எண்ணூறு ரூபாய் சொன்ன போர்வையை அக்கா முக்கால் மணி நேரம் பேசி முந்நூற்றைம்பதுக்கு முடித்தார். அன்றைக்குப் பயந்துபோனவர் போர்வைக்காரர்தான்!

உங்கள் ஊரில் ‘ஆம்’ தொலைந்துபோன கதை ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் திண்ணையில் சந்திப்போம்.