உஸ்ஸ்ஸ்... காத்து போச்சு!

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு கார்ல வந்திருக்கீங்களா? பர்லியார் தாண்டினா ஏ.சி. எதுக்கு? ஜன்னலை இறக்கினாலே போதும், மலைக்காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும். போன லீவுல அதே ஜன்னல் வழியா எங்களுக்கு வேற ஒரு காத்து கேட்டுச்சு. உஸ்ஸ்ஸ்!

மாமாவோட செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் கார் அது. கோயம்புத்தூர் ரோட்டுல நல்லாத்தான் ஓடுச்சு. மலை ஏற ஆரம்பிச்சதும், மிதிக்க மிதிக்க சத்தம் கூடுச்சே தவிர வேகம் கூடலை. கொண்டை ஊசி வளைவுல வண்டி திணற, பின்னாடி லாரி ஹார்ன் அடிக்க, அத்தை முருகனைக் கூப்பிடவே ஆரம்பிச்சுட்டாங்க. நின்னு ஐடிலிங்ல விட்டா, ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கி குத்தாட்டம் போடுது!

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல காட்டினோம். "டர்போ போயிடுச்சு, மாத்தணும்"னு எஸ்டிமேட்டை நீட்டினாங்க. கிட்டத்தட்ட மாமா பொண்ணோட ஒரு வருஷ காலேஜ் ஃபீஸ்! மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே?"

டர்போசார்ஜர் படம் போட்டு, பாகம் குறிச்சு, மார்க் வாங்கினவன்தான் நான். ஆனா, பானெட்டைத் திறந்தா எது எங்கே இருக்குன்னே தெரியலை. மானம் போச்சு பாஸ்!

கடைசியில் வண்டிச்சோலை பக்கம் இருக்கிற மெக்கானிக் பாய்கிட்ட போனோம். சத்தத்தைக் கேட்டதுமே சிரிச்சார். "தம்பி, டர்போ காத்தை ஊதுது. ஊதின காத்து இன்ஜினுக்குப் போய்ச் சேரலை. அவ்வளவுதான்!"

மேட்டர் இதுதான். டர்போ அழுத்தித் தர்ற காத்து, இன்டர்கூலர் வழியா, ரப்பர் ஹோஸ் வழியா த்ராட்டில் பாடிக்கு வருது. அந்த ஹோஸ் கிளாம்ப் லூஸானா, மிதிக்கும்போது காத்து வெளியே பீய்ச்சும். த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் காய்ஞ்சு போனா, இன்னொரு கூத்து. ஐடிலிங்ல மேனிஃபோல்டுக்குள்ளே வெற்றிடம். அதனால காத்து திருட்டுத்தனமா உள்ளே நுழையும். இ.சி.யூ. குழம்பிடும், முள் ஆடும். மிதிச்சா வெளியே, விட்டா உள்ளே!

சரி, கோயம்புத்தூர்ல தெரியாத வியாதி குன்னூர்ல ஏன் தெரியுது? இங்கேதான் நம்ம சிலபஸ் உதவிச்சு. குன்னூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு கம்மி. இன்ஜினுக்கு 1.5 பார் வேணும்னு வெச்சுக்குங்க. கீழே டர்போ காத்தை ஒன்றரை மடங்கு அழுத்தினா போதும். இங்கே 0.8-ல இருந்து 1.5, கிட்டத்தட்ட 1.9 மடங்கு! டர்போ இன்னும் வேகமா சுத்தணும். ஹோஸுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற அழுத்த வித்தியாசம் 0.5-ல இருந்து 0.7 ஆகுது. ஓட்டை அதேதான், ஒழுகறதுதான் அதிகம். அப்படியே ஓட்டினா, நல்லா இருக்கிற டர்போவும் ஓவரா சுத்தி நிஜமாவே போயிடும்.

டர்போவுக்கும் மலைக்கும் பழைய சிநேகம் தெரியுமா? 1905-ல் சுவிஸ் இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூச்சி பேடன்ட் வாங்கின ஐடியா அது. 1918-ல் சான்ஃபோர்டு மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினையே தூக்கிட்டுப் போய், 4,300 மீட்டர் உயரத்துல டர்போ வெச்சு ஓட்டிக் காட்டினார். காத்து கம்மியான இடத்துக்காகவும் வளர்ந்த பொருள் இது!

பாய் செஞ்ச டெஸ்ட் செம சிம்பிள். இன்ஜின் ஆஃப், நல்லா ஆறியிருக்கணும். டர்போவின் வாய்ல, டயர் வால்வு பொருத்தின ஒரு பி.வி.சி. மூடி. கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயைக் கழட்டி அடைச்சாச்சு. இல்லைன்னா ஆயில் சீலுக்கு ஆபத்து. கால் பம்ப்ல மெதுவா அரை பார் வரைக்கும்தான் காத்து. மூடி தெறிக்கலாம், அதுக்கு நேரா நிற்கக் கூடாது. அப்புறம் சோப்புத் தண்ணி தெளிச்சார். த்ராட்டில் பாடி ஓரத்துல குபுகுபுன்னு நுரை! டர்போவைத் தொடவே இல்லை.

ஹோஸ் முனையில் படிஞ்சிருந்த ஆயிலைச் சுத்தமா துடைச்சார். வழுக்கினா கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் கழண்டுக்கும். புது டி-போல்ட் கிளாம்ப், புது கேஸ்கெட். போல்டுகளைக் குறுக்கும் நெடுக்குமா சமமா இறுக்கினார். "பேஸ்ட் தடவி ஒட்டிடலாமே பாய்?"னு கேட்டேன். "பிய்ஞ்சு உள்ளே போனா இன்ஜின் சாப்பிடும் தம்பி!" கடைசியா, ஸ்கேனர் மாட்டி த்ராட்டிலுக்கு ஐடிலிங் கத்துக்கொடுத்தார்.

செலவு? எஸ்டிமேட்டோட ஜி.எஸ்.டி. அளவுகூட இல்லை! மறுபடி கல்லாறு வரை இறங்கி ஏறினோம். சத்தமே இல்லை. அத்தை தூங்கியே போயிட்டாங்க.

அந்த ஒர்க்‌ஷாப் ஏமாத்துச்சா, சோதிக்காம சொல்லிச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா, சோப்புத் தண்ணி டெஸ்ட்டை நானே கேட்டிருக்கணும். அழுத்தம், கசிவு எல்லாம் பரீட்சையில் எழுதினதுதானே! இந்த லீவுல ஒருநாள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புல போய் நில்லுங்க. நாம படிச்சது எங்கே கசியுதுன்னு தெரிஞ்சுடும்!