உப்பைத் தின்ற ஏ.சி.

மஞ்சக்குப்பத்தில் ஏ.சி. வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். எத்தனை ஸ்டார்? எத்தனை டன்? ஸ்டெபிலைசர் ஃப்ரீயா? நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. 'காயில் செம்பா, அலுமினியமா, மேலே கோட்டிங் இருக்கா?' இதைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏதோ மெக்கானிக் என்று நினைத்து டீ வரவழைத்து விடுவார்.

கேட்காமல் வந்தவர்களுக்கு மூணாவது சம்மரில் பதில் கிடைக்கும்.

'கேஸ் போயிடுச்சு சார்.'

ஸ்கூட்டரில் பெட்ரோல் தீருகிற மாதிரி ஏ.சி.யில் கேஸ் தீர்ந்து போகாது ஐயா! மூடின குழாய்க்குள்ளேயே அது சுற்றிக்கொண்டிருக்கிறது, பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் சுற்றுகிற பாட்டிமார் மாதிரி. எண்ணிக்கை குறைந்தால் எங்கோ சுவரில் ஓட்டை என்று அர்த்தம். அதைத் தேடாமல் புதுசாக கேஸ் ஏற்றினால், அடுத்த பில்லும் அப்போதே போட்டாச்சு. நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கிறவர்தான் மெக்கானிக். மற்றவர் கேஸ் வியாபாரி.

சரி, ஓட்டை எப்படி விழுகிறது? தேவனாம்பட்டினம் பக்கம் கையைக் காட்டுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வீசினால் 'அப்பாடா' என்று சட்டைப் பட்டனைக் கழற்றுகிறோம். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு வருகிறது. மாடியில் இருக்கிற அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாயும் அதன் மேல் அலுமினியத் தகடுகளும் நெருக்கமாகச் செருகியிருக்கும். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம், இது பாட்டரி! கரைவது அலுமினியம். வெள்ளையாகப் பூத்து, பிறகு விரலால் தொட்டாலே பழைய அப்பளம் மாதிரி உதிரும். தகடு போனால் சூடு வெளியேறாது. கம்ப்ரஸர் மூச்சுத் திணறி கரண்டைக் குடிக்கும். குழாயிலும் மெள்ள ஊசித்துளை விழும்.

வருமானவரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவாக வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பி.காமில் அதை நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வங்காள விரிகுடா முறை என்று மூணாவது ஒன்றும் இருப்பதை எந்த புரொபசரும் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் ஊரையே புரட்டிப் போட்டதே, அது மொத்தமாகக் கொண்டுபோன கணக்கு. இது தினசரிக் கணக்கு.

இதற்கு மருந்து கைவசமே இருக்கிறது. உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கணும் என்பார்களே, அதேதான். மெயினை அணைத்துவிட்டு, மாசம் ஒரு தடவை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசினால் போதும். 'நல்ல' என்ற வார்த்தையைக் கவனிக்கவும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் அதையே பீய்ச்சினால், கடல் விட்டுவைத்ததை நாம் முடித்து வைக்கிறோம். பைக் கழுவுகிற பிரஷர் பம்பைக் கிட்டே கொண்டுபோனால் தகடெல்லாம் மடங்கிக் காற்று போக வழியில்லாமல் போகும். ஆசிட்டில் கழுவினால் காயில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். பளபளப்பது உங்கள் அலுமினியத்தின் மேல்தோல் உரிந்ததால்.

உள்ளே இருக்கிற யூனிட்டின் கதை வேறு. அங்கே எதிரி தூசி. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் காட்டினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. காட்டாதவர் வீட்டில் தூசி ஈரக் காயிலில் அப்பி, காற்று நுழையாமல் ஐஸ் கட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு மாமனார் தலைமேல் சொட்டும்.

ஐஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒன்றரை டன் என்பது எடையல்ல. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை வைத்துப் போட்ட பழைய அளவு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை அடுக்கிய கட்டடம்தான் மெரினாவில் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டுகிறோம்? இரண்டாவது மாடிச் சுவரில், வெளிப்பக்கமாக, துருப்பிடித்த இரும்புத் தாங்கியில். அங்கே சர்வீஸுக்கு வருகிற பையன் ஒரு காலை சன்ஷேடிலும் இன்னொரு காலை ஜன்னல் கம்பியிலும் வைத்துக்கொண்டு தொங்குகிறான். இடுப்பில் கயிறு கிடையாது. மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். லேசாகத் தட்டிவிட்டால்கூடக் கை உதறும், பிடி நழுவும். நாம் கீழே நின்று, 'தம்பி, போன தடவை வந்தவர் நூறு ரூபா கம்மியா வாங்கினாரே' என்று பேரம் பேசுகிறோம். 'அதைக் கீழ இறங்கிப் பேசிக்கலாம்ணா' என்கிறான் அவன்.

எதிர்வீட்டுப் பெரியவர் மொட்டை மாடியில் இடுப்பு உயரத்தில் மேடை கட்டி, அதன் மேல் யூனிட்டை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடிதண்ணீர் இரண்டு குடம் அதற்கு அபிஷேகம். ஏழு வருஷமாக அதே காயில். அவருடைய ஸ்கூட்டரை அவர் கழுவி நான் பார்த்ததில்லை.