மூட்டைச் சுற்றிய மாற்று வழிகள்



முழந்தாளிட்டுக் குதிகால்மேல் அமரும்போது காலுக்குரிய இரத்தம் எவ்வழியே பாய்கின்றது என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொடையினின்று இறங்கும் பெருந்தமனி முழங்காலின் பின்புறக் குழியினூடே செல்கின்றது. கால் முற்றும் மடங்குங்கால் அதுவும் உடன் மடங்குகின்றது. ஓட்டம் சற்றுத் தடைப்படவும் கூடும். இத்தடைக்கு ஈடாக மூட்டைச் சூழச் சிறு தமனிகளின் பின்னல் ஒன்று அமைந்துள்ளது. பின்குழித் தமனியின் நான்கு கிளைகளோடு, தொடையிலிருந்து இறங்கி வருவனவும், முன்காலிலிருந்து திரும்பி மேலேறுவனவும் அதில் வந்து கலக்கின்றன. முழங்கையிலும் இத்தகைய ஏற்பாடே. தலைவாய்க்கால் அடைபட்டாலும் கிளைக்கால்கள் வழியே வயலுக்கு நீர் வந்து சேர்வதில்லையா? அது போலத்தான்.

இப்பின்னலை நம்பியே 1785 டிசம்பரில் இலண்டன் தூய ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஹண்டர் துணிந்து ஒரு காரியம் செய்தார். கோச்சு வண்டிக்காரர் ஒருவருக்கு முழங்காற்குழித் தமனி பெரிதும் புடைத்திருந்தது. அந்நாளில் இதற்குக் காலையே வெட்டிவிடுவதும் உண்டு. ஹண்டரோ புடைப்பைத் தொடாமல், அதற்கு மேலே தொடையிலேயே தமனியைக் கட்டிவிட்டார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது! கால் அழுகவில்லை, சில வாரங்களில் மனிதர் வீடு திரும்பினார். புடைப்பு மெல்ல மெல்ல வளர்ந்தமையால், சிறு தமனிகளுக்கு விரிந்துகொள்ள அவகாசம் கிடைத்திருந்தது.

அவகாசம் இல்லையேல் நிலைமை வேறு. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களைப் பற்றி 1946-இல் வெளியான கணக்கின்படி, முழங்காற்குழித் தமனி சேதமுற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 73 பேர் காலை இழந்தனர். அத்தமனி மூட்டுக்கு மேலும் கீழும் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், மூட்டு பிசகினால் இழுபட்டுக் கிழிகின்றது. இருசக்கர வண்டி விபத்தில் பிசகிய முழங்கால் சிலவேளை தானே பழைய இடத்தில் அமர்ந்துவிடும். பார்ப்போர் ‘வெறும் சுளுக்கு’ என்று சொல்லிவிடுவர். பாதம் வெளுத்துச் சில்லிட்டிருந்தால் விடியும்வரை காத்திருத்தல் தகாது. இரத்தமற்ற தசை ஆறு மணி நேரத்திற்குள்ளாகவே சாகத் தொடங்குகின்றது.

நம் இல்லங்களில் இதனினும் மிகுதியாய் நேர்வது குழந்தைகளின் முழங்கை முறிவு. கொய்யா மரத்திலிருந்து கையை ஊன்றி விழுகின்றான் சிறுவன்; முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகின்றது. முறிந்த முனை தமனியை நசுக்கலாம். அப்போதும் மூட்டைச் சுற்றிய பின்னல் கையைச் சிவப்பாகவே வைத்திருக்கக்கூடும் என்பதே இங்குள்ள ஏமாற்றம்! பிறகு முட்டை வெண்கருப் பற்றிட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுகின்றனர். உள்ளே வீக்கம் ஏறுகின்றது, கட்டு இளகுவதில்லை; பெருந்தமனியும் சிறு தமனிகளும் ஒருங்கே நெரிபடுகின்றன. பின்னர் முன்கைத் தசை செத்துச் சுருங்கி, விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. இதனை 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் எழுதி வைத்தார். இறுக்கமான கட்டினையே அவரும் காரணமாகக் காட்டினார். அத்தகைய கையோடு பெரியவர்களாகிவிட்ட சிலரை நாம் பங்குகளில் கண்டதுண்டு. நாட்டுக் கட்டினை மட்டும் குறை சொல்வது நீதியன்று. மருத்துவமனையில் இட்ட மாவுக்கட்டும் வீக்கத்தால் இறுகுவதுண்டு.

ஆகவே தாய்மாரே, கட்டுப்போட்ட பிள்ளை இரவெல்லாம் அழுதால், ‘எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும்’ என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்க முயல வேண்டாம். அவன் விரல்களை மெதுவாக நீட்டிப் பாருங்கள். அப்போது அலறினாலோ, விரல்கள் மரத்தாலோ, வெளுத்தாலோ, தாமாக அசையாவிட்டாலோ, அந்நேரமே கட்டினைத் தோல் தெரியுமட்டும் தளர்த்தி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாவுக்கட்டாயின் இரவென்று பாராமல் அங்குச் சென்று வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில் நாடி துடிக்கின்றதே என்று அமைதியடைய வேண்டாம். நாடி இருக்கும்போதே தசை சாவதுண்டு. வழியில் கையை நெஞ்சளவில் தாங்கிப் பிடித்தால் போதும். எண்ணெய் தடவி உருவுதல் ஆகாது.