பத்து பைசா முதலாளி

இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது சர்ச் தான், அரசாங்கம் அப்போது தூங்கிக் கொண்டிருந்தது என்று ஒரு வாதம் உண்டு. பொய் இல்லை. ஆனால் இது வரவை மட்டும் காட்டி, பற்றை மறைக்கும் கணக்கு.

முதலில் வரவு. 1811ல் இங்கிலாந்து திருச்சபையினர் 'நேஷனல் சொசைட்டி' தொடங்கி ஊர் ஊராகப் பள்ளி கட்டினார்கள். அங்கே பாடம் நடத்திய முறைக்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'! சென்னை எழும்பூரில் சிறுவர்களுக்கான அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் விடுதிக்குக் கொண்டு வந்தார். படித்த பையன் படிக்காத பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், கிட்டத்தட்ட நம்ம ஊர் சட்டாம்பிள்ளை மாதிரி. 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகவே போட்டு விட்டார். (ராயல்டி எதுவும் எழும்பூருக்கு வந்ததாகத் தெரியவில்லை.)

இனி பற்று. 1833ல் பாராளுமன்றம் முதன்முறையாகப் பள்ளிக் கட்டடங்களுக்கு 20,000 பவுண்ட் ஒதுக்கியது. அந்தப் பணம் நேஷனல் சொசைட்டி வழியாகவும், திருச்சபைக்கு வெளியே இருந்த புராட்டஸ்டண்டுகள் ஆதரித்த இன்னொரு சங்கம் வழியாகவும்தான் போனது. பாதிச் செலவை நன்கொடையாகத் திரட்டினால்தான் மீதி கிடைக்கும். நன்கொடை எங்கே திரளும்? பணக்காரர் இருக்கும் ஊரில். பள்ளி அதிகம் தேவைப்பட்ட ஊருக்குக் கிடைத்தது பட்டை நாமம்.

1843ல் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒரு மசோதா வந்தது. பள்ளிகள் திருச்சபையின் பிடியில் போகும் என்று மற்ற சபையார் கொதித்தார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் கல்விப் பிரிவுகள் கைவிடப்பட்டதில் நஷ்டம் யாருக்கு? ஆலையில் நின்ற பிள்ளைகளுக்கு. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியங்கள் வரிப்பணத்தில் பள்ளி நடத்த 1870 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அதுவும் சபைப் பள்ளிகள் போதாத இடங்களில் மட்டும்!

அந்த வாரியங்களையும் 1902 சட்டம் ஒழித்துக் கட்டியது. அதோடு சபைப் பள்ளிகளின் அன்றாடச் செலவும் உள்ளூர் வரியின் தலையில் விழுந்தது. நிர்வாகிகள் 6 பேர் என்றால் 4 பேர் சபைத் தரப்பு. இதற்கு வரி கட்ட மாட்டோம் என்று மறுத்தவர்களின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஜெயிலுக்குப் போனார்கள். 1906 தேர்தலில் வென்ற லிபரல் கட்சி இதை மாற்ற முயன்றது. மசோதா பிரபுக்கள் சபையில் சிக்கிச் செத்தது.

காமர்ஸ் படிப்பவர்கள் இனிமேல்தான் கவனிக்க வேண்டும். 1944 சட்டப்படி 'எய்டெட்' பள்ளியின் கட்டடச் செலவில் சபை 50 சதவீதம் போட வேண்டும். 1959ல் அது 25 ஆனது, 1967ல் 20, 1975ல் 15, 2002ல் 10. முதலீடு இப்படித் தேய்ந்து கொண்டே வந்ததே, அதிகாரம் தேய்ந்ததா? நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினரை இன்றும் சபைதான் நியமிக்கிறது. இடத்துக்குப் போட்டி இருந்தால் சபையைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை தரலாம். சம்பளமோ முழுக்க முழுக்க பொதுப்பணம். எந்தக் கம்பெனியில் 10 சதவீதப் பங்குதாரருக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மதம் சார்ந்தது, பெரும்பாலும் கிறிஸ்தவப் பள்ளிகள். எல்லாமே எய்டெட் வகை இல்லை என்பதையும் சொல்லி விட வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எய்டெட் பள்ளியாகப் போனால், கடவுள் நம்பிக்கை இல்லாத பெற்றோரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் முகத்தைக் காட்டுகிறார்கள். பாதிரியார் கையெழுத்து வேண்டுமே! இதனால் பக்தி வளர்ந்ததா, நடிப்பு வளர்ந்ததா என்று சர்ச்காரர்களே சொல்லட்டும்.

நிலம் எங்களுடையது, கட்டடம் எங்களுடையது என்று பதில் வரும். சரி, வாடகை கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் உரிமை எந்த வாடகை ஒப்பந்தத்தில் வருகிறது?